உதவி கேட்கத் தெரிந்த குழந்தை: படப் புத்தகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். கதை முடிந்து பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பெற்றோரும் ஆசிரியர்களும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். வாடிப்போயிருக்கும் குழந்தைக்குப் படப் புத்தகத்தால் நம்பிக்கை கொடுக்க முடியுமா, கஷ்டம் வந்தால் வாய் திறந்து கேட்கப் பழக்க முடியுமா என்பதைச் சுற்றியே அந்தக் கேள்விகள் வரும். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

படப் புத்தகம்னா படம் போட்ட கதைப் புத்தகம்தானே? அதுல தனியா என்ன இருக்கு?

படம் போட்ட கதைப் புத்தகத்தில் படத்தை எடுத்துவிட்டாலும் கதை புரியும். படப் புத்தகத்தில் அப்படி எடுக்க முடியாது. "அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்" என்று எழுத்து சொல்லும். எங்கே உட்கார்ந்திருக்கிறாள், கையில் எதை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் படத்தில்தான் இருக்கும். பெரும்பாலும் 32 பக்கம். ஒரு தடவை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

நாம் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது குழந்தை படத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் அந்த நேரத்தில் நம் அளவுக்குத் தெரியும், பல சமயம் நம்மைவிட அதிகமாகவே கண்ணில் படும். மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்காத பிள்ளை, படத்தின்மேல் விரலை வைத்துச் சொல்லிவிடும். இந்த வேலைக்குப் படப் புத்தகம் பொருந்துவதற்கு அதுதான் காரணம்.

நம்பிக்கைன்னு எதைச் சொல்றீங்க? 'எல்லாம் சரியாயிடும்'னு சொல்றதுதானே?

அந்த வார்த்தையைக் குழந்தைகள் அவ்வளவாக நம்புவதில்லை. எப்படிச் சரியாகும் என்று அதில் இல்லையே. அமெரிக்க உளவியலாளர் சி. ஆர். ஸ்னைடர் நம்பிக்கையை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். எனக்கு ஒன்று வேண்டும் என்ற இலக்கு, அங்கே போக வழிகள் உண்டு என்ற எண்ணம், என்னால் அந்த வழியில் நடக்க முடியும் என்ற தெம்பு. இதை வைத்து 8 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்காக ஆறே வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை அவரும் அவருடைய குழுவும் 1997-இல் வெளியிட்டார்கள்.

சின்னப் பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். வழி தவறிய நாய்க்குட்டி வீட்டுக்குப் போக நினைக்கிறது, ஒரு பாதை அடைபட்டிருக்கிறது, இன்னொரு பாதையைப் பார்க்கிறது, அதுவும் இல்லையென்றால் வழியில் போகிறவரிடம் கேட்கிறது. மூன்றும் அதிலேயே வந்துவிட்டன. உதவி கேட்பதும் ஒரு வழிதான். அதனால் நம்பிக்கையையும் உதவி கேட்பதையும் நான் இரண்டு பாடமாகப் பார்ப்பதில்லை. யாரிடம் போகலாம் என்று தெரிந்த குழந்தையிடம் பாதி நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? பெரிய பிள்ளைங்களுக்கு இது சின்னப் பிள்ளைத்தனமா தெரியாதா?

மடியில் உட்கார ஆரம்பித்ததிலிருந்தே படிக்கலாம். அடுத்தவர் மனதில் வேறொன்று ஓடுகிறது என்பது சுமார் நான்கு வயதில்தான் நன்றாகப் பிடிபடும். அதற்கு முன்னால் "இவ அழறா", "இவன் பயந்துட்டான்" என்று முகத்துக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தாலே போதும்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்தே இல்லாத படப் புத்தகங்களைக் கொடுத்துப் பாருங்கள். "தம்பிக்குப் படிச்சுக் காட்டேன்" என்று கையில் கொடுப்பதும் ஒரு வழி. படித்துக் காட்டுகிற சாக்கில் தனக்கும் படித்துக்கொள்வார்கள்.

எந்தப் புத்தகத்தை எடுக்கணும்? நூலக அலமாரி முன்னாடி நின்னா ஒண்ணும் புரியல.

நான் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு பக்கத்தைத் தேடுவேன். அதற்கு நானே வைத்த பெயர் 'கேட்கும் பக்கம்'. கஷ்டத்தில் இருக்கும் குழந்தை இன்னொருவரிடம் போய் வாய் திறக்கும் பக்கம். அது இருக்கிறதா, என்ன வார்த்தையில் கேட்கிறது, கேட்டதும் அந்தப் பெரியவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். நிறையப் புத்தகங்களில் அந்தப் பக்கமே கிடையாது. குழந்தை அழுகிறது, பக்கத்தைத் திருப்பினால் சிரிக்கிறது. இடையில் நடந்ததுதானே நம் பிள்ளைக்கு வேண்டும்? மந்திரம் போட்டோ, தேவதை வந்தோ தீர்ந்துபோகும் கதைகள் ரசிக்க நன்றாக இருக்கும், இந்த வேலைக்கு ஆகாது.

கேட்கும் பக்கம் இருந்தால், கேட்டதனால் அந்தக் குழந்தைக்கு நல்லது நடந்ததா என்று பாருங்கள். கேட்காமல் இருந்ததனால் கெட்டது நடந்தது என்று பயமுறுத்தும் கதையைவிட இதற்குத்தான் பலன் அதிகம் என்று நினைக்கிறேன். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமான கதைகளைச் சொன்னார்கள். பொய் சொன்னவன் அவதிப்பட்ட கதை, உண்மையைச் சொன்னவனைப் பாராட்டிய கதை. பிள்ளைகள் தங்கள் தவறை ஒப்புக்கொள்வதற்கு உதவியது பாராட்டு வரும் கதைதான். அந்த ஆய்வு நேர்மையைப் பற்றியது. ஆனாலும் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு அது எப்போதும் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. முதலில் கேட்ட ஆள் காது கொடுக்காமல், இரண்டாவது ஆள் கேட்டுக்கொள்ளும் கதை கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அரிதான சரக்கு அது.

முயல், கரடின்னு விலங்குக் கதையா எடுக்கணுமா, குழந்தைங்க வர்ற கதையா?

டொரொன்டோவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடும் விலங்குப் பாத்திரங்களோடும் படித்துக் காட்டினார்கள். மனிதர்கள் வரும் கதையைக் கேட்டவர்கள் கூடுதலாகப் பகிர்ந்துகொண்டார்கள். விலங்குக் கதை அப்படி உதவவில்லை. ஆகவே 'இப்படிக் கேளு' என்று ஒரு பழக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் குழந்தைகள் வரும் கதையே மேல்.

ஆனால் காயம் புதிதாக இருந்தால் விலங்குதான் நல்லது. வீட்டில் சாவு நடந்திருக்கிறது, பெற்றோர் பிரிந்திருக்கிறார்கள் என்றால் தன்னைப் போலவே ஒரு குழந்தையைப் படத்தில் பார்ப்பது சுடும். கரடிக்குட்டி என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம்.

சோகமான கதை படிச்சா இருக்கிற சந்தோஷமும் போயிடாதா?

சோகம் புத்தகத்திலிருந்து குழந்தைக்குள் புதிதாக வந்து சேர்வதில்லை. பெரும்பாலும் முன்பே உள்ளே இருக்கிறது. அதற்கு ஒரு முகமும் பெயரும் கிடைக்கிறது, அவ்வளவுதான். அழுதால் அழட்டும். பக்கத்திலேயே இருங்கள், "அழாதே"யைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: சோகத்தில் தொடங்கி சோகத்திலேயே விட்டுவிடும் புத்தகத்தைத் தூங்கப் போகும் நேரத்தில் எடுக்காதீர்கள்.

பெரிய கஷ்டத்துல இருக்கிற குழந்தைக்குப் படப் புத்தகம் என்ன செஞ்சிடும்?

யெல்லா லெப்மன் என்ற பெண்மணியை நினைத்துக்கொள்கிறேன். நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். போர் முடிந்ததும், இடிந்து கிடந்த அதே நாட்டுக்குத் திரும்பிப் போனார். பிள்ளைகளுக்குச் சாப்பாடும் துணியும் வேண்டும், அதோடு புத்தகமும் வேண்டும் என்று பல நாடுகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, 1946-இல் மியூனிக்கில் குழந்தைப் புத்தகக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். அதிலிருந்து 1949-இல் பிறந்ததுதான் அங்கேயுள்ள சர்வதேச இளைஞர் நூலகம்.

பசித்த குழந்தைக்குச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் புத்தகம் கொடுங்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கூடவே கொடுக்கலாம்.

படிக்கும்போது நான் என்ன கேக்கணும்? எதைக் கேட்டாலும் 'தெரியாது'ங்கறான்.

"இது என்ன நிறம்?", "எத்தனை பறவை?" என்று பரீட்சை வைத்தால் 'தெரியாது'தான் வரும். குழந்தையைக் கதை சொல்ல வைத்து, பெரியவர் கேட்பவராக மாறும் முறையை க்ரோவர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988-இல் ஆய்வு செய்து எழுதினார்கள். உரையாடி வாசித்தல் என்று சொல்லலாம். மொழி வளர்ச்சிக்காக வந்த முறை, மனதைப் பேச வைக்கவும் நன்றாகவே கைகொடுக்கிறது. ஒரே சரியான விடை இல்லாத கேள்வியாகக் கேட்க வேண்டும். "இங்க என்ன நடக்குது?" "இவ இப்ப என்ன நினைக்கிறா?" "இவளுக்கு யார் உதவ முடியும்?" கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும்.

ஒரு முறை ராத்திரிக் காட்சி ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கம் முழுக்க இருட்டு, நடுவில் தனியாக நடக்கும் ஒரு பையன். "இவனுக்கு யார் உதவ முடியும்?" என்று கேட்டேன். கூட்டத்தில் எப்போதும் பேசாத ஒரு ஆறு வயதுச் சிறுவன் எழுந்து வந்து, படத்தின் மேல் மூலையில் விரலை வைத்தான். ஒரு வீட்டு ஜன்னல், நகத்தளவு மஞ்சள். "இங்க லைட் எரியுது. யாரோ முழிச்சிருக்காங்க" என்றான். அந்தப் புத்தகத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அந்த ஜன்னலைப் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இருட்டுப் பக்கங்களில் ஜன்னல் தேடுகிறேன்.

முடிஞ்சதும் 'இதுல இருந்து என்ன கத்துக்கிட்டே?'ன்னு கேக்கலாமா?

வேண்டாம். கேட்ட அந்த நிமிஷமே கதை பாடமாகிவிடும். புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். மறுநாள் குளிக்கும்போதோ தலை வாரும்போதோ குழந்தையே பேச்சை எடுக்கும்.

ஒரே புத்தகத்தையே தினமும் படிக்கச் சொல்றா. ஏதாவது பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. முடிவு தெரிந்த கதையில் பயத்தை ஒத்திகை பார்க்க முடியும். ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அவள் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

ஒரு குறிப்பிட்ட பக்கம் வந்தா மட்டும் கையால மறைச்சிடறான்.

மறைக்கட்டும். "சரி, இதைத் தாண்டிப் போலாமா?" என்று கேட்டுத் திருப்புங்கள். வேண்டாம் என்று சொன்னதை ஒரு பெரியவர் மதித்தார் என்று அங்கே கற்றுக்கொள்கிறான். இதே பெரியவரிடம் பின்னால் ஒன்றைச் சொல்ல அது தைரியம் தரும். ஏன் மறைக்கிறாய் என்று குடையாதீர்கள். சில நாள் கழித்து அவனே கையை எடுக்கலாம். ஒரே மாதிரியான காட்சிகளை எல்லாப் புத்தகங்களிலும் மறைத்தால், அதோடு தூக்கத்திலும் விளையாட்டிலும் மாற்றம் தெரிந்தால், ஒரு குழந்தை நல ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

எங்க வீட்டுப் பிரச்சினை மாதிரியே இருக்கிற கதையைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் நேரம் பார்த்து. குழந்தை இலக்கிய ஆய்வாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் புத்தகங்களைக் கண்ணாடி என்றும் ஜன்னல் என்றும் சொன்னார். கண்ணாடியில் தன்னைப் பார்க்கலாம், ஜன்னலில் மற்றவர் வாழ்க்கையைப் பார்க்கலாம். அடிபட்ட அன்றைக்கே யாரும் கண்ணாடி பார்க்க விரும்புவதில்லை. சண்டை நடந்த ராத்திரியில் "இதுவும் உன்னை மாதிரிதான்" என்று நீட்டினால் குழந்தை சுருங்கிவிடும். வேறு நாலு புத்தகங்களோடு அதையும் கை எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். எடுக்கிற நாளில் எடுக்கும். மேலே சொன்ன கரடிக்குட்டி விஷயமும் இங்கே பொருந்தும்.

கதையில பாத்தாப் போதுமா? நிஜத்துல உதவி கேக்க எப்படிப் பழக்கறது?

போதாது. 'கேட்கும் பக்கம்' வந்ததும் அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்ல விடுங்கள். "எனக்கு ஒரு கஷ்டம் இருக்கு, கொஞ்சம் கேக்கறீங்களா?" இவ்வளவு போதும். தொண்டைக்குள்ளிருந்து ஒரு தடவை வெளியே வந்த வாக்கியம் அடுத்த தடவை சுலபமாக வரும். அப்புறம் ஒரு தாளில் குழந்தையின் கையை வைத்துச் சுற்றி வரையுங்கள். ஒவ்வொரு விரலிலும், கஷ்டம் வந்தால் போய்ச் சொல்லக்கூடிய ஒரு பெரியவரின் பெயர். வீட்டுக்கு வெளியே இருப்பவர்களும் அதில் வர வேண்டும். குழந்தைப் பாதுகாப்புப் பாடங்களில் நெடுநாளாக இருக்கிற பயிற்சி இது.

ஏழு வயதை ஒட்டி ஒரு தடங்கல் வரும். கேட்டால் 'இவனுக்கு ஒண்ணும் தெரியாது' என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அதற்கு மருந்து நம்மிடம்தான். "இந்த மூடி எனக்குத் திறக்கல, உதவி செய்யுங்க" என்று நாம் அடுத்தவரிடம் கேட்பதைக் குழந்தை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்கும் அம்மா, எப்போதும் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்னும் அப்பா. இவர்களைப் பார்த்து வளரும் பிள்ளை எந்தப் புத்தகத்தைப் படித்தும் கேட்காது.

அஞ்சு விரல்லயும் என் பேரே இல்லைங்க. நான்தான் பெத்தவ.

இதைச் சொல்லிவிட்டு ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த நேரத்தில் "ஏன் என் பேரு இல்லை?" என்று கேட்காதீர்கள். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்பதற்காகவே சில பிள்ளைகள் அம்மாவிடம் கஷ்டத்தைச் சொல்வதில்லை. பெயர் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். "அஞ்சு பேரும் நல்லவங்க, எனக்கும் பிடிச்சவங்க" என்று சொல்லிவிட்டுத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். சில மாதம் கழித்துப் புதிதாக ஒரு கை வரையலாம்.

இது சிகிச்சையா? கவுன்சலர்கிட்டப் போகாம இதை வெச்சே சமாளிச்சிடலாமா?

புத்தகத்தால் மனதைத் தேற்றுவதற்கு பிப்லியோதெரபி என்று பெயர். அமெரிக்கப் போதகரும் கட்டுரையாளருமான சாமுவேல் குரோதர்ஸ் 1916-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். பயிற்சி பெற்றவர்கள் அதைச் சிகிச்சையின் பகுதியாகச் செய்கிறார்கள். நாம் வீட்டில் செய்வது பேச்சுக்கு வாசல் திறப்பது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் மாறிப்போயிருந்தால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், புத்தகத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

படிச்சிட்டிருக்கும்போது 'எனக்கும் இப்படி நடந்துது'ன்னு சொல்லிட்டா?

புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். "சொன்னது நல்லது. நான் நம்பறேன். உன் மேல தப்பு இல்லை." இந்த மூன்றும் முதலில் வர வேண்டும். யார், எப்போது, எத்தனை தடவை என்று துருவாதீர்கள். அந்த விசாரணை பயிற்சி பெற்றவர்களுடைய வேலை. குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே பிறகு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டால் பண்ணாதீர்கள். "உன்னைப் பத்திரமாப் பாத்துக்க ரெண்டொருத்தர்கிட்ட நான் சொல்லணும். யார்கிட்டச் சொல்றேன்னு உனக்கு முன்னாடியே சொல்லிடுவேன்" என்பது உண்மையான பதில். அன்றைக்கே உங்கள் பகுதியின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பையோ குழந்தைகள் உதவி எண்ணையோ அழையுங்கள்.

'நான் இல்லாமப் போயிட்டா நல்லாயிருக்கும்'னு குழந்தை சொன்னா? கேட்டா அந்த எண்ணத்தை நாமே விதைச்ச மாதிரி ஆகாதா?

ஆகாது. நேரடியாகக் கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று அந்த வார்த்தையிலேயே, அமைதியாகக் கேளுங்கள். சின்னக் குழந்தை என்பதால் விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட வேண்டாம். "இனிமே அப்படிப் பேசாதே" என்றால் பேச்சு நிற்கும், எண்ணம் நிற்காது.

ஆம் என்றாலோ, பதில் தெளிவில்லாமல் இருந்தாலோ தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை எட்டாமல் வையுங்கள். அன்றைக்கே மருத்துவரையோ உதவி எண்ணையோ அணுகுங்கள், உடனடி ஆபத்து என்றால் அவசர எண். கதைப் புத்தகம் அப்புறம்.

வகுப்புல நாப்பது பேருக்குப் படிக்கிறேன். யாராவது எல்லார் முன்னாடியும் வீட்டு விஷயத்தைச் சொல்லிட்டா?

"நீ சொன்னது முக்கியமான விஷயம். கதை முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் பேசலாம்" என்று சொல்லி, அன்றைக்கே பேசுங்கள். கேள்விகளைப் பாத்திரத்தைப் பற்றியே கேளுங்கள், "உங்கள்ல யாருக்கு இப்படி நடந்திருக்கு?" என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். படித்த பிறகு புத்தகத்தை மூலையில் வைத்துவிட்டு யார் தனியாகப் போய் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

கதையில எல்லாரும் உதவறாங்க. என் பையன் நிஜமாவே போய்ச் சொன்னான், யாரும் கண்டுக்கல. இப்ப அவன்கிட்ட எந்த முகத்தோட படிக்கிறது?

இதுதான் என்னிடம் வரும் கேள்விகளிலேயே கஷ்டமானது. ஒரு அப்பா கேட்டார். பையனை வகுப்பில் சிலர் தினமும் சீண்டியிருக்கிறார்கள். கதையில் வந்தது போலவே போய்ச் சொல்லியிருக்கிறான். "அப்புறம் பாக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு படப் புத்தகத்தைப் பார்த்தாலே "பொய்" என்கிறானாம்.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். "நீ கேட்டது சரி. அவங்க செஞ்சதுதான் தப்பு." இதைச் சொல்லாவிட்டால், கேட்டதே தன் தப்பு என்று அவன் முடிவுகட்டிவிடுவான். ஹவாயிலுள்ள கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பேரை எமி வெர்னரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மிகக் கஷ்டமான சூழலில் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாக வளர்ந்து நின்றார்கள். அதற்குத் துணையாக இருந்தவற்றுள் ஒன்று, பெற்றோரோ வேறு யாரோ, தங்கள்மீது உண்மையான அக்கறை வைத்த ஒரு பெரியவராவது அவர்களுக்குக் கிடைத்தது. ஐந்து விரல் வரையச் சொன்னதும் இதற்காகத்தான். ஒருவர் கைவிட்டால் நாலு பேர் பாக்கி.

அந்த அப்பாவிடம், இரண்டாவது விரலில் இருப்பவரிடம் பையனோடு நீங்களும் போங்கள் என்றேன். பையனே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பதில் வரும்வரை நகராதீர்கள் என்றேன். போனார்கள். மூன்று வாரம் கழித்து இருவரும் நூலகத்துக்கு வந்தார்கள். பையன் எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை, அலமாரியில் சாய்ந்து நின்று நான் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கும் பக்கம் வந்தபோது, "முதல்ல கேட்டவங்க சும்மா விட்டுட்டா, இன்னொருத்தர்கிட்டப் போகணும்னு இவங்களுக்குச் சொல்லுங்க" என்றான்.